வாங்குவது நாள் விலை, விற்பது நிலை விலை

2021 அக்டோபரில், சிங்கப்பூரில் 'ஐஸ்விட்ச்' என்னும் மின்சார விற்பனை நிறுவனம், நவம்பர் 11-ஆம் தேதியுடன் தன் சேவையை நிறுத்திக்கொள்ளப் போவதாக வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது. சொந்தமாக மின்னுற்பத்தி நிலையம் இல்லாத சில்லறை விற்பனையாளர்களுள் அங்கே அதுவே பெரியது. ஓம் எனர்ஜி, பெஸ்ட் எலக்ட்ரிசிட்டி, சில்வர்கிளவுட், யுஜிஎஸ் ஆகிய நிறுவனங்களும் அதே பருவத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கடையைக் கட்டின. யார் வீட்டிலும் விளக்கு அணையவில்லை. வாடிக்கையாளர்கள் வேறு விற்பனையாளரைத் தேடிக்கொண்டனர். தேடாதவர்கள் எஸ்பி குழுமத்தின் பொதுக் கட்டணத்துக்குத் திரும்பினர். ஆனால், இரண்டாண்டுக்கு விலை மாறாது என்று கையெழுத்திட்டுக் கொடுக்கப்பட்ட ஒப்பந்தம், விலை ஏறிய அந்த நேரத்தில் செல்லாக் காகிதமாயிற்று.

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் சிங்கப்பூரில் உறவினர் இல்லாத தெரு அரிது. எனவே இச்செய்தி அப்போது இங்கே வீடுகளில் பேசப்பட்டது; பிறகு மறக்கப்பட்டது. இப்போது அதை நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. ஒரே பகுதியில் ஒரே மின்கம்பியைப் பயன்படுத்திப் பல விநியோகஸ்தர்கள் போட்டியிட்டு வீடுகளுக்கு மின்சாரம் விற்கலாம் என்னும் கருத்துடன் மின்சாரத் திருத்த மசோதா 2022 ஆகஸ்ட் 8 அன்று மக்களவையில் அறிமுகமாகி நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. அதே கருத்து 2025 அக்டோபரில் மத்திய மின்துறை அமைச்சகம் வெளியிட்ட புதிய வரைவிலும் இடம்பெற்றது. கைப்பேசிச் சேவையைப் போல மின்சாரத்தையும் நமக்குப் பிடித்தவரிடம் வாங்கலாம் என்று இதற்கு ஆதரவாகச் சொல்லப்படுகிறது. கைப்பேசி நிறுவனம் விற்பது தன் கோபுரத்தின் கொள்ளளவை. மின்சாரச் சில்லறை விற்பனையாளர் விற்பதோ, பிறரிடம் அன்றன்று வாங்கிய சரக்கை. ஒப்பீடு அங்கேயே முறிந்துவிடுகிறது.

காய்கறிக் கடைக்காரரும் அன்றன்றைய விலைக்குத்தான் வாங்குகிறார். மொத்தச் சந்தையில் தக்காளி விலை ஏறினால் மறுநாள் காலையே அவர் தன் விலையை ஏற்றுகிறார். கட்டுப்படியாகாவிட்டால் தக்காளியே வைப்பதில்லை. மின்சாரம் விற்பவருக்கு இவ்விரண்டு உரிமையும் இல்லை. விலை, ஆணையத்தால் அல்லது ஒப்பந்தத்தால் கட்டப்பட்டது. சரக்கு இல்லை என்றும் சொல்ல முடியாது; வாடிக்கையாளர் விசையைத் தட்டும் கணத்தில் மின்சாரம் கம்பியில் இருந்தாக வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பதை வாடிக்கையாளர் முன்கூட்டிச் சொல்வதும் இல்லை. கோடையில் எல்லா வீட்டிலும் குளிர்சாதனம் ஓடும் இரவில்தான் தேவையும் கூடுகிறது, சந்தை விலையும் உச்சம் தொடுகிறது. ஆக, அதிகமாக விற்கும் நாளே அதிகமாக நட்டப்படும் நாள். வேறு எந்த வியாபாரத்திலும் இந்த விசித்திரத்தை நான் கண்டதில்லை.

இந்திய எரிசக்திப் பரிமாற்றகம் 2008 முதல் இயங்குகிறது. மறுநாளைக்கான மின்சாரம் அங்கே ஒரு நாளை 15 நிமிடங்கள் கொண்ட 96 கூறுகளாகப் பிரித்து ஏலத்தில் விற்கப்படுகிறது. ஒவ்வொரு கூறுக்கும் தனி விலை. சூரிய மின்சாரம் பொங்கும் நண்பகலில் மலிவாகக் கிடைக்கும் யூனிட், சூரியன் சாய்ந்த இரண்டு மணி நேரத்தில் உச்சவரம்பைத் தொடுவது கோடையில் வழக்கமாகிவிட்டது. 2022 மார்ச்சில் வெயில் முந்திக்கொண்டது. உக்ரைன் போரால் பன்னாட்டு நிலக்கரி விலை டன்னுக்கு 400 டாலரைக் கடந்தது. பரிமாற்றகத்தில் சில கூறுகளின் விலை யூனிட்டுக்கு 20 ரூபாயைத் தொட்டது. ஏப்ரல் தொடக்கத்தில் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டு 12 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தது. மறு ஆண்டு அது 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. 10 ரூபாய்க்கு வாங்கி 6 அல்லது 7 ரூபாய்க்கு விற்கும் கடை எத்தனை நாள் நடக்கும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே. 10 ஆயிரம் வீடுகளுக்கு மின்சாரம் விற்கும் ஒரு சிறு நிறுவனத்தை நினைத்துக்கொள்வோம். வீட்டுக்கு மாதம் 200 யூனிட் என்றால் மொத்தம் 20 லட்சம் யூனிட். விற்பனை விலை யூனிட்டுக்கு 7 ரூபாய். அதில் மின்பாதைக் கட்டணமும் வழி இழப்பும் 2 ரூபாய்; அலுவலகச் செலவு 30 காசு; மின் கொள்முதல் நான்கரை ரூபாய்; மிஞ்சுவது 20 காசு. மாத லாபம் 4 லட்ச ரூபாய். தேவையில் 70 விழுக்காட்டை நீண்டகால ஒப்பந்தத்தில் நான்கரை ரூபாய்க்கே வாங்குகிறார் என்றும், எஞ்சிய 30 விழுக்காட்டுக்கு மட்டும் சந்தையை நம்பியிருக்கிறார் என்றும் கொள்வோம். பார்க்கப்போனால் இது அடக்கமான, பொறுப்பான நிர்வாகம். சந்தை விலை 10 ரூபாயாகும் ஒரு மாதத்தில் அவருடைய சராசரிக் கொள்முதல் விலை 6 ரூபாய் 15 காசாகிறது. யூனிட்டுக்கு 1 ரூபாய் 45 காசு நட்டம். மாதத்துக்கு 29 லட்சம். ஏழு மாத லாபத்தை ஒரே மாதம் விழுங்கிவிடுகிறது. அத்தகைய மாதம் மூன்று தொடர்ந்து வந்தால் அவர் ஏறத்தாழ இரண்டாண்டு உழைப்பை இழந்திருப்பார்.

ஆனாலும் நட்டம் மட்டுமே ஒரு நிறுவனத்தை உடனே கொல்வதில்லை. கொல்வது கைப்பணத் தட்டுப்பாடு. பரிமாற்றகத்தில் வாங்கும் மின்சாரத்துக்குப் பணம் உடனுக்குடன் செலுத்தப்பட வேண்டும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு மின்கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. கட்டணம் செலுத்த 20 நாள் அவகாசம். கணக்கெடுப்புக்கு மறுநாள் எரித்த யூனிட்டுக்கான பணம் ஏறத்தாழ 80 நாள் கழித்தே வந்து சேரலாம். மேற்சொன்ன நிறுவனத்துக்கு இரண்டு மாதக் கொள்முதலுக்குச் சாதாரண நாளில் 1 கோடியே 80 லட்சம் முடங்கிக் கிடக்கும். விலை ஏறிய காலத்தில் அதுவே ஏறக்குறைய இரண்டரைக் கோடியாகிவிடும். அந்த நேரத்தில் வங்கி கூடுதல் கடன் தருமா? நட்டக் கணக்கைப் பார்த்த வங்கி, தந்த கடனையே திருப்பிக் கேட்கும். மின்னுற்பத்தியாளரும் கூடுதல் வங்கி உத்தரவாதம் கேட்பார். எல்லாக் கதவும் ஒரே வாரத்தில் சாத்தப்படும்.

அப்படியானால் முன்பேர ஒப்பந்தம் செய்துகொள்ளலாமே, ஓராண்டுத் தேவையையும் முன்கூட்டியே நிலையான விலைக்கு வாங்கிவிட்டால் என்ன என்று கேட்கலாம். பெரிய நிறுவனங்கள் அதைத்தான் செய்கின்றன. இந்தியாவிலும் 2025 ஜூலையில் எம்சிஎக்ஸ், தேசியப் பங்குச் சந்தை ஆகியவற்றில் மின்சார முன்பேர வணிகம் தொடங்கியது. ஆனால் முன்பேரத்துக்குப் பிணைத்தொகை வேண்டும். விலை எதிர்த்திசையில் நகர்ந்தால் அன்றாடம் அத்தொகையைக் கூட்டிக் கட்ட வேண்டும். சிறியவரிடம் இல்லாதது அந்தப் பணம்தான். நீண்டகாலத்துக்கு விற்க முன்வரும் உற்பத்தியாளரும் வாங்குபவரின் நிதிநிலையைப் பார்த்தே விலை சொல்வார். காப்பீடு யாருக்கு மிக அவசியமோ அவருக்கே அது மிக அதிக விலையில் கிடைக்கிறது.

இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஓராண்டுக்கு முன்பேரமாக வாங்கி வைத்தபின் சந்தை விலை சரிந்தால், அப்போது புதிதாக வரும் போட்டியாளர் குறைந்த விலை சொல்லி வாடிக்கையாளரை இழுத்துக்கொள்வார். வாங்கி வைத்த விலையுயர்ந்த மின்சாரத்தை நட்டத்துக்குத் தள்ளிவிட நேரும். முன்பேரம் செய்யாமல் விட்டு விலை ஏறினாலோ, அது இன்னும் பெரிய நட்டம். வாடிக்கையாளருக்கு எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை உண்டு. விற்பனையாளருக்கு அது இல்லை. போட்டியின் பயனாக நாம் போற்றும் அந்த விலகும் உரிமையே, முன்யோசனையோடு நடப்பவரைத் தண்டித்து, சூதாடுபவருக்குப் பரிசளிக்கிறது. விலை தாழ்ந்திருக்கும் ஆண்டுகளில் முன்பேரமே செய்யாதவர்தான் மிக மலிவாக விற்க முடியும்; விளம்பரத்தில் முதலிடமும் அவருக்கே.

பிரிட்டனில் நடந்தது இதுதான். 2010-களில் அங்கே சிறு விற்பனையாளர்கள் பெருகினர். உரிமம் பெறுவது எளிதாக இருந்தது. ஒரு கட்டத்தில் அவர்களின் எண்ணிக்கை 70-ஐ எட்டியது. 2019 ஜனவரியில் வீட்டு நுகர்வோரைக் காக்க விலை உச்சவரம்பு வந்தது. அது ஆறு மாதத்துக்கு ஒரு முறை மட்டும் திருத்தப்பட்டது. 2021-இல் எரிவாயு விலை பன்மடங்கு உயர்ந்தபோது உச்சவரம்பு அசையாமல் நின்றது. ஓராண்டுக்குள் ஏறத்தாழ 30 நிறுவனங்கள் வீழ்ந்தன. சுமார் 40 லட்சம் வாடிக்கையாளர்கள் விற்பனையாளரை இழந்தனர். 'பல்ப்' என்ற நிறுவனத்தில் மட்டும் 16 லட்சம் பேர் இருந்தனர். அதை ஏற்க ஆளில்லாமல் 2021 நவம்பரில் அரசுப் பணத்தில் சிறப்பு நிர்வாகத்தின்கீழ் நடத்த வேண்டியதாயிற்று. பல்ப் நீங்கலான 28 நிறுவனங்களின் வீழ்ச்சிச் செலவு சுமார் 270 கோடி பவுண்டு என்றும், அது ஒவ்வொரு வீட்டின் கட்டணத்திலும் ஏறத்தாழ 94 பவுண்டாக ஏறும் என்றும் அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2022-இல் மதிப்பிட்டது. வீழ்ந்த நிறுவனத்தின் வாசலையே மிதிக்காதவர்களும் அதைச் செலுத்தினர். சில நிறுவனங்கள் வாடிக்கையாளர் முன்கூட்டிக் கட்டியிருந்த பணத்தையே நடைமுறை மூலதனமாகச் செலவிட்டிருந்தன. அப்பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பும் கடைசியில் எல்லார் தலையிலும் விழுந்தது.

சிங்கப்பூர்க் கதையில் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு எரிவாயுவிலிருந்து வருகிறது. எரிவாயு முழுதும் இறக்குமதி. 2021-இல் இந்தோனேசியாவிலிருந்து குழாய்வழி வரும் எரிவாயு குறைந்தது. கப்பலில் வரும் திரவ எரிவாயுவின் விலையும் உச்சத்தில் இருந்தது. அரைமணிக்கு ஒரு முறை மாறும் மொத்தச் சந்தை விலைக்கு உச்சவரம்பாக அங்கே விதிக்கப்பட்டிருந்தது யூனிட்டுக்கு நான்கரை வெள்ளி! வீட்டுக்காரரிடம் பெறுவதோ அதில் இருபதில் ஒரு பங்குகூட இராது. 2018-19-இல் சந்தை திறக்கப்பட்டதும் ஏறக்குறையப் பாதி வீடுகள் பொதுக் கட்டணத்தை விட்டு மலிவான ஒப்பந்தங்களுக்கு மாறியிருந்தன. புயலில் தாக்குப்பிடித்தவர்களில் பெரும்பாலோர் சொந்த மின்னுற்பத்தி நிலையமோ பெரிய தாய் நிறுவனமோ உடையவர்கள். அவர்களுக்கு மொத்த விலை ஏறினால் ஒரு கையில் நட்டம், மறு கையில் லாபம். வெறுங்கையோடு நின்றவர்கள்தாம் விலகினர்.

செட்டிநாட்டில் இருந்து எழுதுபவனுக்கு இது புதுப்பாடமாகத் தோன்றவில்லை. நகரத்தார் பர்மாவில் நடத்திய லேவாதேவியில், வைப்புப் பணத்துக்கான நடப்பு வட்டி ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் கூடி மாதந்தோறும் தீர்மானிக்கப்பட்டது. அது ஏறும், இறங்கும். டெல்டாவின் விவசாயிக்குக் கொடுத்த கடனோ நிலையான வட்டிக்கு, அறுவடை வரை நிற்பது. வாங்கும் பணத்தின் விலை மிதக்க, விற்கும் பணத்தின் விலை நிற்கும் அதே இக்கட்டு. அதனால்தான் 'முதல் பணம்', 'மேல் பணம்' என்று சொந்தப் பணத்தையும் பிறர் பணத்தையும் பேரேட்டில் பிரித்து எழுதினார்கள். ஒரு கடையின் தரம், அதன் மேல் பணம் எவ்வளவு என்பதால் அன்று, அதைத் தாங்க முதல் பணம் எவ்வளவு என்பதால் மதிக்கப்பட்டது. இத்தனை எச்சரிக்கைக்கும் பிறகே 1930-இன் நெல் விலைச் சரிவு அவர்களைப் பணத்துக்குப் பதில் நிலத்தைப் பெற்றுக்கொண்டு நிற்க வைத்தது. மின்சாரச் சில்லறை உரிமத்துக்கு இந்தப் பேரேட்டு இலக்கணம் வேண்டும் என்று பிரிட்டன் உணர்ந்தது 2023-இல். அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம், மின்சாரமும் எரிவாயுவும் வாங்கும் ஒரு வாடிக்கையாளருக்கு 115 பவுண்டு வீதம் சொந்த மூலதனத்தை இலக்காக நிர்ணயித்தது. 30 கடைகள் சாத்திய பிறகு!

நம் மாநிலத்துக்கும் சிறு விநியோகஸ்தர்கள் அறியாதவர்கள் அல்லர். பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இலும், மேட்டூர் 1937-இலும், பாபநாசம் 1944-இலும் இயங்கத் தொடங்கியபோது, சென்னை மாகாணத்தின் பல ஊர்களில் அரசின் மின்தொகுப்பிலிருந்து மொத்தமாக வாங்கித் தெருக்களுக்கும் வீடுகளுக்கும் விற்றவர்கள் தனியார் உரிமதாரர்களே. சென்னை நகரின் விநியோகம் 1947-இல் அரசுடைமையாயிற்று. 1957 ஜூலை 1-இல் மின்வாரியம் பிறந்தது. எஞ்சியிருந்த தனியார் விநியோக நிறுவனங்களைக் கையகப்படுத்தத் தமிழ்நாடு அரசு 1973-இல் தனிச் சட்டம் இயற்றியது. அக்கால உரிமதாரர்கள் இன்றைய பிரிட்டன் நிறுவனங்களைப்போல் கொத்தாக வீழாததற்குக் காரணம் அவர்களது சாமர்த்தியம் மட்டுமன்று. அவர்கள் வாங்கிய விலை நீர்மின்சாரத்தின் நிலையான விலை. 15 நிமிடத்துக்கு ஒரு முறை மாறும் சந்தை அன்று இல்லை. தவிர, 1948-ஆம் ஆண்டு மின் விநியோகச் சட்டத்தின் ஆறாம் அட்டவணை, உரிமதாரர் 'நியாயமான வருவாய்' ஈட்டும் அளவுக்குக் கட்டணத்தை மாற்றிக்கொள்ள வழிவிட்டது. கொள்முதல் செலவு ஏறினால் அது வீட்டுக்காரரின் கட்டணத்துக்கு நகர்ந்தது. விலை ஏற்றத்தைத் தாங்கியது அன்றும் வீட்டுக்காரர்தான்.

அண்டையில் ஓர் உயிருள்ள எடுத்துக்காட்டு திருச்சூர். கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்த கோவைத் தமிழர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் (பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர்) 1936-இல் அந்நகரின் மின்விநியோகத்தைத் தனியாரிடம் ஒப்படைக்க முற்பட்டபோது மக்கள் தெருவுக்கு வந்தனர். கேரள வரலாற்றில் அதற்கு 'மின்சாரக் கிளர்ச்சி' என்றே பெயர். இன்றும் திருச்சூர் மாநகராட்சிக்குத் தனி மின்துறை உண்டு. கேரள மின்வாரியத்திடம் மொத்த விலையில் வாங்கி, மாநிலம் முழுதும் ஒன்றாக உள்ள சில்லறைக் கட்டணத்தில் அது விற்கிறது. வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் ஒரே ஒழுங்குமுறை ஆணையமே நிர்ணயிக்கிறது. எனவே இரண்டுக்கும் இடையிலான வெளி எவ்வளவு என்பது ஆணையத்தின் பொறுப்பாகிறது. சிறு விநியோகஸ்தர் நிற்பதும் வீழ்வதும் சந்தைப் புயலால் அன்று, ஆணையத்தின் பேனாவால். சிறியதாக இருந்தும் நிலைத்திருக்க முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் அது மொத்தச் சந்தையிலிருந்து ஒதுக்கிக் காக்கப்பட்ட சிறுமை.

நம்முடைய மின்வாரியம் சிறியதன்று. ஆயினும் நோய் அதேதான். 2014 டிசம்பருக்குப் பின் 2022 செப்டம்பர் வரை கட்டணம் திருத்தப்படவில்லை. அந்த எட்டு ஆண்டுகளில் நிலக்கரியும் கொள்முதலும் வட்டியும் ஏறின. கடன் ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. 2022 ஆகஸ்டில், மின்னுற்பத்தியாளருக்கு நிலுவை வைத்திருந்ததாகச் சொல்லி 13 மாநிலங்களின் விநியோக நிறுவனங்கள் பரிமாற்றகத்தில் வாங்கத் தற்காலிகத் தடை விதிக்கப்பட்டது. தமிழ்நாடும் அப்பட்டியலில் இருந்தது. ஒரு தனியார் சிறு நிறுவனத்துக்கு இது நேர்ந்திருந்தால் அன்றே அதன் கதை முடிந்திருக்கும். நம் மின்வாரியம் பிழைத்தது, பின்னால் மாநில அரசு நிற்பதால். 2022 திருத்தத்தின்போது, ஆண்டுதோறும் ஜூலையில் விலைவாசிக் குறியீட்டையொட்டி 6 விழுக்காட்டுக்கு மிகாமல் கட்டணம் உயர ஏற்பாடாயிற்று. 2023-இல் 2.18 விழுக்காடு, 2024-இல் 4.83 விழுக்காடு, 2025-இல் 3.16 விழுக்காடு என அது நடந்தும் வருகிறது. 2023-இலும் 2025-இலும் வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது. இந்த ஏற்பாட்டில் குறைகள் பல. ஆனால் அதில் ஒரு தெளிவு உண்டு. விலை ஏறும்போது யார் சுமக்கிறார் என்ற கேள்விக்கு விடை தெரியும்: வரி செலுத்துவோரும் வருங்காலத் தலைமுறையும்.

இங்கே புதிய விற்பனையாளர் வந்தால் என்னவாகும்? செட்டிநாட்டின் வீடுகளையே எடுத்துக்கொள்வோம். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் கோட்டையூரிலும் முகப்பும் வளவும் பூட்டிக்கிடக்க, காவல்காரர் அறையில் மட்டும் விளக்கெரியும் பெருவீடுகள் ஏராளம். 2016 முதல் எல்லா வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2022 திருத்தத்தில் வீடுகளுக்கான நிலைக்கட்டணமும் நீக்கப்பட்டது. எனவே அந்தப் பெருவீடுகளில் பலவற்றிலிருந்து மின்வாரியத்துக்கு ஒரு காசும் வருவதில்லை. கம்பமும் மின்மாற்றியும் கணக்கெடுப்பாளரும் இருந்தாக வேண்டும். அவற்றை நட்சத்திர விடுதிகளாக மாற்றியவர்களும், காரைக்குடி மாநகராட்சியின் ஜவுளிக் கடைகளும், 500 யூனிட்டுக்கு மேல் எரிக்கும் வீடுகளும்தான் ஈடுகட்டுகிறார்கள். புதிதாக வருபவர் எந்தக் கதவைத் தட்டுவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நல்ல வாடிக்கையாளர்களை அவர் எடுத்துக்கொள்வார். பூட்டிய வீடும் விவசாயப் பம்புசெட்டும் வாரியத்திடம் தங்கும். விலை ஏறும் ஆண்டில் அவர் கடையைச் சாத்தினால், அந்த நல்ல வாடிக்கையாளர்கள் ஒரே இரவில் வாரியத்திடம் திரும்புவார்கள். அவர்களுக்கென வாரியம் முன்கூட்டி மின்சாரம் வாங்கி வைத்திருக்காது. உச்ச விலையில், அன்றைய சந்தையில் வாங்கியே கொடுக்க வேண்டும்.

இலவச 100 யூனிட் பற்றியும் ஒரு சொல். அதற்கான தொகையை அரசு மானியமாக விநியோக நிறுவனத்துக்குத் தருகிறது. முன்கூட்டியே தர வேண்டும் என்கிறது மின்சாரச் சட்டம் 2003-இன் 65-ஆவது பிரிவு. அரசு நிறுவனத்துக்கு மானியம் தாமதமானால் அது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. 80 நாள் கைப்பணத்தில் தள்ளாடும் சிறு நிறுவனத்துக்கு அதுவே மரணம். அரசியல் கட்சிகள் இதைப்பற்றிப் பேசக் கேட்டதில்லை.

போட்டியே கூடாது என்பது என் வாதமன்று. மும்பையில் 2008-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் வீட்டு நுகர்வோர் டாடா பவர் நிறுவனத்துக்கும் எதிர்நிறுவனத்துக்கும் இடையே மாற முடிந்தது; நகரம் இருளில் மூழ்கவில்லை. ஆனால் அங்கே போட்டியிட்ட இருவரும் மின்னுற்பத்தியும் ஆழ்ந்த பையும் உடைய பெருநிறுவனங்கள். அதைக் காட்டிச் சிறு நகரங்களில் யார் வேண்டுமானாலும் கடை விரிக்கலாம் என்று முடிவு கட்டுவது சரியாகாது.

சிறியவர் தாக்குப்பிடிக்கத் தொழில்நுட்பம் ஒரு வழி காட்டுகிறது. நண்பகலின் மலிவான மின்சாரத்தைச் சேமித்து மாலையில் தரும் மின்கலம், முன்பேர ஒப்பந்தம் செய்யும் வேலையின் ஒரு பகுதியைப் பிணைத்தொகை இல்லாமலே செய்துவிடும். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் அளித்ததால் 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இதே காரைக்குடியில்தான் மின்கல ஆய்வில் ஈடுபட்டிருக்கிறது. கூரையில் சூரியத் தகடு பதிக்க மத்திய அரசு 2024 முதல் 78 ஆயிரம் ரூபாய் வரை மானியம் தருகிறது. தகடு வைத்த வீடு, பகலில் பயன்படுத்தும் அளவுக்குத் தன் மின்சார விலையைத் தானே 25 ஆண்டுக்கு நிலைப்படுத்திக்கொள்கிறது. ஆயினும் மாலை ஏழு மணிக்கு அதுவும் சந்தையிடம்தான் கையேந்த வேண்டும்; வீட்டளவு மின்கலத்தின் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு இன்னும் எட்டவில்லை.

ஆகவே இந்த மசோதாவைப் பற்றிய விவாதம், தனியாரா அரசா என்ற பழைய தடத்திலேயே சுற்றாமல் சில நேரான கேள்விகளுக்கு வர வேண்டும். உரிமம் கேட்பவர் ஒரு வாடிக்கையாளருக்கு எவ்வளவு சொந்த மூலதனம் காட்ட வேண்டும்? வரும் ஓராண்டுத் தேவையில் எத்தனை விழுக்காட்டை நிலையான விலையில் முன்கூட்டி வாங்கியிருக்க வேண்டும், அதை ஆணையம் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை சோதிக்கும்? சாத்தப்பட்ட கடையின் வாடிக்கையாளரை ஏற்கும் கடைசி விநியோகஸ்தர், அதனால் வரும் கூடுதல் செலவை யாரிடம் வசூலிப்பார்? பிறகு அந்த வைப்புத்தொகை. புதிய இணைப்பு பெறும்போது ஒவ்வொரு வீடும் மின்வாரியத்திடம் காப்பு வைப்பு கட்டியிருக்கிறது. விற்பனையாளரை மாற்றும்போது அப்பணமும் அவரிடம் போகுமா, ஆணையத்தின் பெயரில் தனிக் கணக்கில் இருக்குமா? முன்கட்டண மீட்டர் வந்தபின் மாதத் தொடக்கத்திலேயே நாம் கட்டும் பணத்துக்கும் இதே கேள்வி பொருந்தும். அவர் கடையைச் சாத்தும் நாளில் அந்தப் பணம் அவருடைய கடன்காரர்களின் வரிசையில் போய் நிற்குமா, வீட்டுக்காரரின் கணக்கில் திரும்புமா என்பதைச் சட்டத்தின் வாசகத்திலேயே எழுதிவிட வேண்டும். விதிகளில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.